மின்மினி சொல்லும் சுத்தம்

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் இரவுப் படகில் போனவர்களுக்குத் தெரியும். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். அந்த ஒளியில் சூடு இல்லை. பூச்சியின் உடலில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஆக்சிஜனுடன் சேரும்போது பிறப்பது அது.

இதற்கு ஏடிபியும் வேண்டும் என்று 1947இல் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் மெக்எல்ராய். 100 மின்மினிக்கு 25 சென்ட் என்று சிறுவர்களிடம் வாங்கி ஆராய்ந்தார். உயிரணுக்கள் அனைத்திலும் இருக்கும் ஆற்றல் பொருள்தான் ஏடிபி.

அதுவே இன்று உணவுத் தொழிற்சாலைகளுக்கு உதவுகிறது. கழுவிய மேசையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, மின்மினியின் அதே ரசாயனத்தில் நனைத்து, கருவிக்குள் வைக்கிறார்கள். உணவுத் துணுக்கோ பாக்டீரியாவோ ஒட்டியிருந்தால் ஏடிபி இருக்கும், ஒளி வரும். ஒளி கூடினால் மேசை சுத்தமில்லை. சில விநாடிகளில் விடை! பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பதற்கோ நாள்கணக்காகும்.

லூசிஃபெரேஸின் மரபணு 1985இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதனால் நொதியை ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கலாம். பூச்சிகளைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால், இணையைத் தேட மின்மினிக்கு இருட்டு வேண்டும். அடுத்த முறை படகில் ஏறும்போது கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள்.