செஞ்சித் தூண்களும் கடற்காற்றும்

திண்டிவனத்துக்குக் கடல் கிடையாது. புளியங்காடு என்று தன் பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்ட ஊர் அது. ஆயினும் அவ்வூர்க் குடும்பஸ்தர்கள் கடற்காற்றுக்காக ஏங்குவதில்லை. புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் கிளியனூர் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். குழந்தைகள் முறுக்குப் பொட்டலத்தைத் தீர்ப்பதற்குள் சமுத்திரம் வந்துவிடும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளந்தான். மெரினாவைக் கண்டவர்கள் ஏளனம் செய்யலாம். ஆனால் சாயங்காலமானதும் இங்கே மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. பாட்டிமார்கள்கூட நடுச்சாலையில் ராஜநடை நடக்கலாம். மணலைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் சற்று ஏமாற்றம். துறைமுகச் சுவர்கள் மணலின் போக்கைத் தடுத்தபின் கரையைக் காப்பது பெரும்பாலும் கருங்கற் குவியலே. 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் ஓய்வு பெற்று நிற்கிறது. 1952-ஆம் வருஷத்துப் புயல் பழைய கப்பல் பாலத்தைக் கொண்டுபோயிற்று.

எல்லோரும் கூடுமிடம் மகாத்மாவின் சிலை. சிலையைப் பார்க்கிறார்கள், படம் பிடித்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. திண்டிவனத்தார் அவசியம் பார்க்கவேண்டும். ஏனெனில் அவை அவர்களுக்கு அண்டை ஊரான செஞ்சியைச் சேர்ந்தவை. அங்குள்ள வேங்கடரமணர் கோயிலைத் தாங்கியவை. 1750-இல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளகர்த்தர் ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் வரும்வரை அது பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. கோயில் தூண்கள் புதுச்சேரிக்குப் பிரயாணமாயின. அத்தனை பாரத்தை எத்தனை ஜோடி மாடுகள் இழுத்தனவோ!

பின்னர் 1870-இல் டூப்ளே துரைக்குச் சிலை வைத்தபோது, அவருக்கு அலங்காரமாக நின்றவை இத்தூண்களே. டூப்ளே 1754-இல் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1954 நவம்பர் முதல் தேதி, பிரெஞ்சு ஆட்சியே மூட்டை கட்டிற்று. துரை இடம் மாறினார். அவருடைய ஸ்தானத்துக்குக் காந்தியடிகள் வந்தார். தூண்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.

இங்கேதான் நமக்கு ஒரு சந்தேகம். பிறர் பொருளைத் தம்மிடம் வைத்திருப்பதையே பாவமென்று கருதிய மகாத்மா, யுத்தத்தில் பெயர்த்துக் கொண்டுவந்த கோயில் தூண்களின் நடுவே நிற்கச் சம்மதித்திருப்பாரா? தூண்கள் போய்விட்டால் சிலை சோபை இழந்துவிடும் என்று சிநேகிதர் ஒருவர் வாதிக்கிறார். அரைத்துணியோடு லண்டன் அரண்மனைக்குள் சென்றவருக்கு அலங்காரம் என்ன வேண்டியிருக்கிறது? செஞ்சிக் கோட்டையோ 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. அதைக் காண வருகிறவர்கள் வேங்கடரமணர் சந்நிதியில் தூண் இல்லாத இடத்தையும் காண்பார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். புதுச்சேரி அன்பர்கள் கோபிக்கலாம், கோபித்துக்கொண்டே யோசிக்கட்டும்.

டூப்ளே துரையைக் காணவேண்டுவோர் சாலையின் தெற்குக் கோடிவரை நடக்கவேண்டும். குழந்தைகள் பூங்காவில் இருக்கிறார். ஊஞ்சலுக்கு முறை வைத்துக் காத்திருக்கும் சிறுவர்களில் ஒருவனும் அவரை லட்சியம் செய்வதாகத் தெரியவில்லை.