ஹலால் இலச்சினையைத் தேடும் நாம் செம்மஞ்சள் நிறத்தையும் படிக்க வேண்டும்

பொதி செய்யப்பட்ட உணவொன்றைக் கையில் எடுத்ததும் நம்மில் பலர் தேடுவது இரண்டு விடயங்களை. ஒன்று ஹலால் இலச்சினை, மற்றது காலாவதித் திகதி. இரண்டும் சரியென்றால் பொருள் கூடைக்குள் போய்விடும். அதே பொதியிலுள்ள சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளத்தை நின்று பார்ப்பவர்களை நான் அரிதாகவே காண்கிறேன்.

இந்த நிற அடையாளம் நமக்குப் புதியதல்ல. சீனி சேர்த்த பானங்களுக்கு 2016 ஆகஸ்ட் மாதம் முதல் சுகாதார அமைச்சு இதைக் கட்டாயமாக்கியது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றையும் காட்டும் நிறக் குறியீடு வந்தது. ஆசியாவில் பல நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தபோதே நமது நாடு இதைச் செய்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், சிக்கல் செம்மஞ்சளில்தான் இருக்கிறது. 3 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சள், 10 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சள். சிவப்பில் இருந்த ஒரு பானம் 11 கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே போதும், அதன் நிறம் மாறிவிடும். வாங்குபவரோ "சிவப்பு இல்லைதானே" என்று திருப்தியடைகிறார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 40 கிராம் சீனி இருக்கிறது. அது ஏறத்தாழ 10 தேக்கரண்டி. ஒரு கோப்பைத் தேநீரில் 10 கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் நாம் குடிப்போமா? சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே போத்தல் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் அதன் நிறம் செம்மஞ்சள்தான்.

சிலி நாடு 2016இல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அளவை மீறும் உணவின் முகப்பிலேயே எண்கோண வடிவக் கறுப்பு எச்சரிக்கை. அங்கு பானங்களுக்கான சீனி எல்லை படிப்படியாக 5 கிராமுக்குக் குறைக்கப்பட்டது. எச்சரிக்கை பெற்ற உணவுகளைப் பாடசாலைகளில் விற்கவும் முடியாது. நமது சிவப்பு எல்லை அதைவிட இரு மடங்குக்கும் மேல்.

இலங்கையில் நிகழும் 10 மரணங்களில் ஏறத்தாழ 8 தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு நமது ஊர்களில் எத்தனை? ஆனாலும் இப்தார் மேசையில் சர்பத்தும் பலூடாவும், வலீமா விருந்தில் வட்டிலப்பத்தோடு குளிர்பானமும் வழமையாகிவிட்டன. வீட்டிலும் பேக்கரியிலும் தயாராகும் இனிப்புக்கு எந்த நிறமும் கிடையாது. அங்கு நமது நிதானம்தான் லேபல்.

2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பிரசாரம் எழுந்தபோது, தான் உண்பதில் என்ன இருக்கிறது என்பதை அறிவது பாவனையாளரின் உரிமை என்று நாம் வாதிட்டோம். அந்த உரிமை சீனிக்கும் உப்புக்கும் பொருந்தாதா? அல்குர்ஆன் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. முதலாவதற்கு இலச்சினை இருக்கிறது. இரண்டாவதைத் தேடும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. நிறத்தோடு நின்றுவிடாமல் பின்புறத்திலுள்ள கிராம் கணக்கைப் பார்த்து, முழுப் பொதிக்கும் பெருக்கிப் பார்ப்போம். நமது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் செம்மஞ்சள் பானங்களையும் கேள்விக்குட்படுத்துவோம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இப்தாருக்கு வாங்கும் பானங்களில் இதைத் தொடங்கலாம். சிவப்புக்கான எல்லையைக் குறைக்குமாறு நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். இது எந்தச் சமூகத்துக்கும் எதிரான கோரிக்கையல்ல; இந்நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்குமான கோரிக்கை.