பழங்குடியினர் பாடப்பொருள் மட்டும்தானா?

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில் 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அந்த மலையை நியமராஜாவின் இருப்பிடமாக வழிபடும் டோங்ரியா கோந்த் மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளைச் சுரங்கம் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது.

தெய்வம், நிலம், அதிகாரம் மூன்றும் பிரிக்க முடியாதவை என்பதை அந்த மக்கள் நாட்டுக்குக் காட்டினார்கள். நம் பல்கலைக்கழகங்களோ உரிமையைச் சட்டத் துறைக்கும், அதிகாரத்தை அரசியல் துறைக்கும், வழிபாட்டைச் சமயத் துறைக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழக்கும் பாடம் மானிடவியல். சட்டம், வனவியல், பொது நிர்வாகம், சமூகப்பணி படிக்கும் அனைவருக்கும் அது சென்றுசேர வேண்டும்.

இதைப் படித்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் சாதிச் சான்றிதழ் விவகாரத்தைப் பார்க்கட்டும். பழங்குடிச் சான்றிதழின் உண்மைத்தன்மையை விசாரிக்கும்போது வழிபடும் தெய்வம், சடங்குகள், திருமண முறை, ஈமச்சடங்கு ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும் என்று 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ செல்லும் தலைமுறையிடம் பாட்டன் காலத்துச் சடங்கைக் கேட்டு, பதில் வராவிட்டால் ‘பழங்குடி அல்ல’ என்று எழுதிவிடுவது நியாயமா? இந்தச் சோதனையை மட்டுமே வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று 2023இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சமயமும் சடங்கும் காலத்தோடு மாறும் என்பது மானிடவியலின் அரிச்சுவடி. அதை அறியாத அதிகாரியின் கையெழுத்தில் ஒரு மாணவரின் கல்லூரி இடமே பறிபோகலாம்.

தமிழ்நாட்டில் 37 சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இங்கே இல்லாததால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு பெசா சட்டம் தரும் கூடுதல் அதிகாரமும் இவர்களுக்கு இல்லை. வாக்கு எண்ணிக்கையிலும் சட்டப் பாதுகாப்பிலும் வலுக்குறைந்த மக்களிடம் அதிகாரம் செலுத்தப்போகிறவர்கள், அவர்களை அறிந்திருப்பது கட்டாயம்.

ஆனால், யார் கற்பிப்பது? இத்துறையின் தொடக்கம் பெருமைக்குரியதல்ல. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளையும் பழங்குடிகளையும் வகைப்படுத்தினார். ரங்காச்சாரியின் துணையுடன் அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் மேற்கோள் நூல்களாக உலவுகின்றன. 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை பிறந்த பிறகு அறிவு வளர்ந்திருக்கிறது. அளப்பவர் ஒரு பக்கமும் அளக்கப்படுபவர் மறுபக்கமும் நிற்கும் நிலை முழுதாக மாறவில்லை.

அதை மாற்ற வழி இருக்கிறது. முறையான கல்வித் தகுதியைக் கட்டாயமாக்காமல், நீண்ட அனுபவமுள்ள வல்லுநர்களைப் பேராசிரியர்களாக அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்தது. தொழில் நிறுவன அதிகாரிகளுக்குக் கிடைக்கும் அந்த நாற்காலி தோடர், இருளர், காணிக்காரர், மலையாளி சமூகங்களின் மூத்தோருக்கும் கிடைக்க வேண்டும், உரிய ஊதியத்துடன். களஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் ஊராரின் ஒப்புதலைப் பெற்றே தொடங்க வேண்டும். ஆய்வின் முடிவை அந்த ஊருக்குப் புரியும் மொழியில் கொண்டுபோய்ச் சேர்க்காதவருக்குப் பட்டம் தரக் கூடாது. பழங்குடி மாணவர்கள் முனைவர் பட்டம்வரை தொடர, தடையற்ற உதவித்தொகை தேவை.

எதிர்காலக் கோட்டாட்சியரும் வன அலுவலரும் இன்று நம் வகுப்பறைகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள். வரும் கல்வியாண்டிலேயே இப்பாடத்தைத் தொடங்க மாநிலப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும். அதற்கான நிதியை அரசு ஒதுக்க வேண்டும்.