சில்லும் சுருதியும்

கிருஷ்ணகிரியில் நம் மாணவர் சிலர் கீபோர்டின் துணையோடு சங்கராபரணம் சாதகம் செய்கிறார்கள். கீபோர்டு ஹார்மோனியத்தின் பேரனல்லவா? அந்தப் பாட்டனை ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் விலக்கி வைத்து, 1971-ல்தான் சற்று இரங்கியது.

பேரனிடம் என்ன குற்றம் என்று நேயர்கள் கேட்கலாம். பழைய மின்னணு ஆர்கன்களில் எம்.கே. 50240 என்றொரு சில்லு உண்டு. விநாடிக்குச் சுமார் 20 லட்சம் துடிப்புக்களை 13 எண்களால் வகுத்து ஸ்வரங்களை உண்டாக்குவது அதன் வேலை. அவற்றுள் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் அதற்கு 478. அந்தர காந்தாரத்துக்கு 379. தம்பூராத் தந்தியில் தானே எழும் காந்தாரமோ 4-க்கு 5 என்ற விகிதத்தில் நிற்பது. அதற்கு 382 வேண்டும். வித்தியாசம் மூன்றுதான், பயின்ற செவிக்கு உறுத்தும். எண்களோ ஆலையிலேயே பொறிக்கப்பட்டவை. அச்சில்லு மறைந்தும், சாதாரணக் கீபோர்டுகளில் அந்தப் பன்னிரு சமக்கூறுகள் மறையவில்லை.

இதற்காகச் சில்லு ஜாதியையே பழிப்பது நியாயமன்று. பழைய கம்ப்யூட்டர்களில் இருந்த ஏ.ஒய்.-3-8910 என்ற சில்லு, எண்ணை எழுதுவோர் இஷ்டத்துக்கே விட்டது. ஸட்ஜத்துக்கு 500, காந்தாரத்துக்கு 400 என்று எழுதினால் சுத்த விகிதம் கிடைத்துவிடும். நம் சங்கீதத்துக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும் ஆள்தான் தேவை.

அத்தகையவர் வெகு தூரத்தில் இல்லை. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். அங்கே பொறியாளரும் புல்லாங்குழல் வித்வானுமான ஜி. ராஜ்நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூராவைச் செய்தளித்தார். குழந்தைக்குப் பாட்டுச் சொல்லி வைக்கும் பெற்றோர் முதலில் அத்தகைய பெட்டியை வாங்கட்டும். சினிமா மெட்டுக்குக் கீபோர்டு இருக்கட்டும். அதற்கு நாம் விரோதியல்ல.