குற்றவாளி யார்?

விபசாரத்தைப் பற்றிக் குடும்பங்களில் வாய் திறந்து பேசுவது வழக்கமில்லை. எனினும், ஒரு தேசத்தின் நியாய புத்தியை அறிய வேண்டுமானால், இவ்விஷயத்தில் அதன் சட்டம் யாரைத் தண்டிக்கிறது என்று பார்த்தாலே போதும்.

படைவீரரிடையே மேக நோய் பரவாமல் தடுக்க, 1864-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. படைகள் தங்கும் ஊர்களில், போலீசார் சந்தேகிக்கும் பெண்ணைக் கட்டாய வைத்திய சோதனைக்கு உட்படுத்தலாம். நோயிருந்தால் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கலாம். அவளை நாடிச் சென்ற சிப்பாய்க்கோ அச்சட்டத்தில் சோதனையும் இல்லை, அடைப்பும் இல்லை! 1868-ல் இந்தியாவிலும் இத்தகைய சட்டம் புகுந்தது. ஜோஸபைன் பட்லர் என்னும் மாதரசி இவ்வநீதியை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். 1886-ல் பிரிட்டனில் அது ரத்தாயிற்று.

1999-ல் ஸ்வீடன் முறையையே மாற்றியது. அங்கே பணம் கொடுப்பவன் குற்றவாளி. பெண்ணுக்குத் தண்டனை இல்லை. 2016-ல் பிரான்ஸும் அவ்வழி சென்றது. நியூஸிலாந்தோ, 2003-ல் வயது வந்த இருவரையுமே குற்றத்தினின்று நீக்கி, தொழிலாளருக்குரிய பாதுகாப்பை அப்பெண்களுக்கு அளித்தது.

நமது 1956-ஆம் வருஷத்துச் சட்டம் விடுதி நடத்துவோரையும் தரகரையும் தண்டிக்கிறது. பொது இடத்தில் ஆளை அழைக்கும் பெண்ணையும் தண்டிக்கிறது.

எவ்வழி சிறந்தது என்பதில் அறிஞர் மாறுபடலாம். ஆனால் ஊராரின் தீர்ப்பு இன்னும் 1864-லேயே நிற்கிறதன்றோ? அவளைத் தூற்ற நம்மிடம் பெயர்கள் பல. அவனுக்கோ, பெரும்பாலும் 'பெரிய மனிதர்' என்ற ஒரே பெயர்தான்.