ஆர்ட்ஸ்காரனுக்கு டி.என்.ஏ எதுக்கு?

கேம்பஸ்ல பரமீசியம் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துரும். பதில் சொல்லிடுறேன். நான் ஆர்ட்ஸைத் தெரிவு செய்யல. எங்க தோட்டத்துக்குக் கிட்ட இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துல உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்ல. இருந்ததைப் படிச்சேன்.

சாதாரண தரத்துல பரமீசியத்தைச் செருப்பு மாதிரி வரைஞ்சு, ரெண்டு கருவுக்கு அம்புக்குறி போட்டு மார்க்ஸ் வாங்கினோம். ஏன் ரெண்டுன்னு யாரும் கேட்கல. சிறிய கரு அடுத்த தலைமுறைக்கான மூலப்பிரதி. பெரியது அன்றாட வேலைக்கானது. இரண்டு பரமீசியங்கள் இணைந்த பிறகு பழைய பெரிய கரு சிதைந்துவிடும். சிறிய கருவின் பிரதியிலிருந்து புதியது உருவாகும்போது, ஏறக்குறைய 45,000 துண்டுகள் வெட்டி எறியப்பட்டு மீதி ஒட்டப்படுகிறது. ஒட்சிட்ரைக்கா என்ற இன்னொரு பிசிர் உயிரி 90 வீதத்துக்கும் மேல் எறிந்துவிடும். மிஞ்சும் துண்டுகளும் ஒழுங்கு மாறி, சிலது தலைகீழாகக் கிடக்கும். பழைய பெரிய கருவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ பிரதிகள்தான் எதுக்குப் பக்கத்துல எது வரணும்னு வழிகாட்டும்.

இந்த 2,25,000க்கும் மேற்பட்ட துண்டுகளின் வரைபடத்தை லோரா லேன்ட்வெபரின் குழு 2014 ஓகஸ்டில் வெளியிட்டது. அதே வருஷம் ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எத்தனை பேர் மண்ணுக்குள்ள போனாங்கங்கிற கணக்கு நாளுக்கு நாள் மாறிக்கிட்டே இருந்துச்சு. அப்ப நான் தரம் ஆறு.

அந்தச் சரிவு ஆபத்தானதுன்னு 2005லயே எச்சரிக்கை இருந்தது. அதனால, சனத்துக்கு விஞ்ஞானம் தெரிஞ்சிருந்தா தப்பியிருக்கும்னு கதை விடாதீங்க. தெரிஞ்சாலும் போறதுக்குக் காணி வேணும், வீடு வேணும். அதைக் குடுக்கவேண்டியவங்க நேரத்துக்குக் குடுக்கல.

"சோத்துக்கே வழியில்லாத இடத்துல பரமீசியமா?"ன்னு நம்ம ஆளுங்களே கேட்பாங்க. ஆமா, பரமீசியமும்தான். அறிக்கை எழுதுறதும் மலையை அளக்குறதும் வெளியாளுங்க, சாகுறது மட்டும் நாங்கங்கிற ஏற்பாட்டை எத்தனை காலத்துக்குச் சுமக்குறது? ரெண்டு கரு எதுக்குன்னு கேட்டுப் பழகின பிள்ளைதான் நாளைக்கு லயத்துச் சுவர்ல விழுந்த வெடிப்பைப் பார்த்து, அந்த அறிக்கையை எடுத்துக் காட்டுங்கன்னு துணிஞ்சு கேட்கும்.

என் தங்கச்சி இப்ப தரம் பத்து. அதே படத்துக்கு அதே அம்புக்குறி போடுறா. உயர்தரத்துல விஞ்ஞானம் படிக்கணும்னா பதுளையில போர்டிங்ல நிக்கணும். அம்மாவின் கொழுந்துக் காசுல அது முடியுமா? முதல்ல அதுக்கு வழி சொல்லுங்க. ஆர்ட்ஸ்காரனுக்கு டி.என்.ஏ எதுக்குன்னு அப்புறம் கேளுங்க.