வாப்பாவின் குரலும் ஒரு பென் டிரைவும்



எங்கள் தெருவில் ஒரு சகோதரி இருக்கிறார். அவருடைய கணவர் வஃபாத்தாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. அன்னார் தம் மகளுக்கு அம்ம ஜுஸ்உவின் சூராக்களை ஓதிக்கொடுத்த வேளைகளில் அவற்றை வீட்டுக் கணிப்பொறியில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். சென்ற மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு நாளில் அந்தக் கணிப்பொறி பழுதுற்றது. திரையில் எழுத்துக்கள் தோன்றும், பிறகு நீலநிறம், அதற்கு மேல் நகராது. பழுது பார்க்கும் கடையில், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும்" என்று கூறிவிட்டார்களாம். அந்தப் பெண்பிள்ளை மதரஸாவில் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், கம்ப்யூட்டர் போனால் போகட்டும். வாப்பா ஓதியது அதில்தான் இருக்கிறது" என்றாள்.

கலைப் பட்டம் பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மதரஸாவின் பழைய கணிப்பொறிகளைப் பராமரிக்க ஆளின்றி நானே கற்றுக்கொண்ட வித்தை இது.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். விண்டோஸ் பழுதாவது வேறு. நம் கோப்புகள் உறையும் வட்டு பழுதாவது வேறு. வீட்டுக் கதவின் பூட்டு உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பண்டங்கள் அழிந்துவிடுவதில்லை. வேறு வழியாக உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவே. அந்த வேறு வழிதான், கணிப்பொறியை வெளியிலிருந்து இயக்கவல்ல ஒரு பென் டிரைவ்.

இதற்கு நான் பயன்படுத்துவது லினக்ஸ் மின்ட். 1991ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் வழிவந்தது. விலை கிடையாது. பிரதி எடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் அனுமதி எழுத்து மூலமாகவே தரப்பட்டுள்ளது. உரிமம் இல்லாத விண்டோஸைச் சில நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு, அதே கணிப்பொறியில் பயான் கேட்கும் வீடுகள் நம்மில் ஏராளம். பிறர் உடைமையை அவர் அனுமதியின்றி எடுப்பது என்னவென்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கணிப்பொறிக்கு மட்டும் அதில் விலக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்கு நல்ல நிலையிலுள்ள இன்னொரு கணிப்பொறியும், 8 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவும் வேண்டும். மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து அதன் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கிக்கொள்க. ஏறத்தாழ 3 ஜி.பி. வரும். பழைய கணிப்பொறியாயின் எக்ஸ்எஃப்சிஇ எனும் வகையைத் தேர்ந்தெடுத்தல் நலம். அது நினைவகத்தைக் குறைவாகவே உண்ணும். இறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 64 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த இவ்வெண் அதே தளத்தில் தரப்பட்டிருக்கும். கோப்பில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் இவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். முஸ்ஹஃபை அச்சிடுமுன் ஹாஃபிழ்கள் எழுத்தெழுத்தாக ஒப்பு நோக்குவார்களே, அதுபோன்ற காரியம் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. பெரும்பாலோர் இதைத் தவிர்த்துவிட்டுப் பாதி வழியில் நின்று தவிக்கிறார்கள்.

அடுத்து வருவது பலரும் இடறுமிடம். ஐ.எஸ்.ஓ. கோப்பை மற்றக் கோப்புகளைப் போல பென் டிரைவில் நகலெடுத்து வைத்தால் பயனில்லை. கணிப்பொறியை முடுக்கியவுடன் அதன் பலகையிலேயே பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று கண்விழிக்கிறது. அதற்குத் தெரிந்தது மிகச் சொற்பம். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பெயரில், தொடக்க நிரல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். ஐ.எஸ்.ஓ.வை அப்படியே வைப்பது சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியதற்கு ஒப்பாகும். உள்ளிருப்பதைப் பிரித்து உரிய இடங்களில் எழுதித் தர ரூஃபஸ் என்னும் சிறிய இலவச மென்பொருள் உண்டு. அதில் பென் டிரைவைத் தேர்ந்து, ஐ.எஸ்.ஓ. கோப்பைக் காட்டி, மற்றவற்றை இருந்தபடியே விட்டுத் தொடக்கப் பொத்தானை அழுத்தினால் போதும். எழுதும் முறை எதுவென்று கேட்டால், அது பரிந்துரைப்பதையே ஏற்கலாம்.

ஆனால் அழுத்துமுன் நிதானம் வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தவை யாவும் அழிந்துபோகும். ரூஃபஸ் எச்சரிக்கவே செய்கிறது, நாம்தான் வாசிப்பதில்லை. ஒருமுறை இரண்டு பென் டிரைவ்களைச் செருகி வைத்துக்கொண்டு மதரஸாவின் மூன்றாண்டுத் தேர்வு வினாத்தாள்களை என் கையாலேயே அழித்தேன். அன்று முதல், எழுத வேண்டியதைத் தவிர மற்றெதையும் செருகி வைப்பதில்லை.

தயாரான பென் டிரைவைப் பழுதுற்ற கணிப்பொறியில் செருகி, மின்சாரம் கொடுத்தவுடனே உரிய விசையைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. எதிலிருந்து இயங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தோன்றும். பென் டிரைவைத் தேர்ந்தால், வட்டில் எதையும் எழுதாமல், நினைவகத்திலேயே மின்ட் விரியும். நிறுவும் பொத்தான் முகப்புத் திரையில் கண்ணெதிரே இருக்கும். அவசரப்பட்டு அதைத் தொடாதிருக்க வேண்டும்.

அந்தச் சகோதரியின் வீட்டில் அன்று அஸர் தொழுதுவிட்டு அமர்ந்தோம். மின்ட் திறந்ததும் பழைய வட்டைச் சொடுக்கினேன். விண்டோஸின் கோப்புறைகள் அனைத்தும் இருந்தன. வட்டு பிட்லாக்கர் பூட்டு இடப்பட்டதாயின் அதன் மீட்புச் சாவியின்றித் திறக்காது. நல்லவேளையாக, இதில் அது இல்லை. ஒலிப்பதிவுகள் 41. ஒன்றை இயக்கியதும், "இன்னொரு தடவை ஓது மவளே, அவசரப்படாதே" என்று அவர் குரல் எழுந்தது. திரைக்கு அப்பால் நின்றிருந்த சகோதரி உள்ளே போய்விட்டார். நாங்கள் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு அனைத்தையும் வேறொரு பென் டிரைவிலும், பிள்ளையின் மாமாவுடைய மடிக்கணினியிலுமாக இரண்டு பிரதிகள் எடுத்தோம். இரண்டையும் திறந்து கேட்டுப் பார்த்த பின்னரே நிறுவும் பொத்தானுக்கு வந்தேன். அந்தக் கணிப்பொறி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது. அது கோரும் பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவையோ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திவிட்டது. ஆகவே மின்ட்டையே வட்டிலும் நிறுவினோம். வட்டு முழுவதையும் அழித்து நிறுவலாமா என்று அது கேட்டபோது பிள்ளையிடம் கேட்டேன். இரண்டு பிரதிகளையும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி ஹஜ்ரத்" என்றாள்.

மக்ரிப் பாங்கு சொல்லுமுன் வேலை முடிந்தது. நிறுவிப் பென் டிரைவின் மேல் "இதில் எதையும் வைக்காதீர்" என்று ஒரு சீட்டு ஒட்டி அந்த வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.